வேதாளமும் பன்னிரண்டு வயதும்

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் இரவு, அடைமழைக்கு நடுவே மின்சாரம் நின்றுவிட்டது. என் பெண்ணின் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. கையிலே வைத்து விளையாடும் சாமான்களெல்லாம் ஒரே சமயத்தில் உயிரை விட்டுவிட்டபடியால், வேறு கதியில்லாமல் என்னிடம் வந்து சேர்ந்தான். நான் பரணில் கிடந்த பழைய ‘அம்புலிமாமா’ பைண்டு ஒன்றை இறக்கித் தூசி தட்டினேன். மெழுகுவத்தி வெளிச்சத்தில் புத்தகம் தானாகவே ஒரு பக்கத்தில் பிரிந்து நின்றது. அரை நூற்றாண்டுக்கு முன்னால் நான் அடிக்கடி பிரித்த பக்கம் அது. உருவிய வாளும் தோளில் பிணமுமாகச் சுடுகாட்டு வழியே நடந்து வருகிறார் ஒரு ராஜா.

“அப்பா, ராத்திரி வேளையிலே அவனுக்குப் பேய்க் கதை சொல்லாதீங்க. அப்புறம் தனியாப் படுக்க மாட்டான்” என்று சமையலறையிலிருந்து என் பெண் குரல் கொடுத்தாள். இதே வார்த்தைகளை இதே சுருதியில் என் தாயார் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அப்போதும் யாரும் லட்சியம் செய்யவில்லை.

கதையை வாசித்து முடித்தேன். வேதாளம் கேள்வி கேட்டது. ராஜா பதில் சொன்னார். வேதாளம் பிணத்தோடு பறந்து போய் மரத்தில் ஏறிக்கொண்டது. பையன் சற்று நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்:

“ஏன் தாத்தா, அந்த ராஜா வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமே? பேசினதாலேதானே வேதாளம் ஓடிப் போச்சு?”

“தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்று வேதாளம் பயமுறுத்தியிருக்கிறதே!” என்றேன்.

“அது சும்மா மிரட்டல்” என்றான் பையன். “யார் தலை வெடிச்சுது? ஒருத்தராவது வெடிச்சுப் பாத்திருக்காங்களா?”

நாற்பது வருஷம் கதை எழுதிப் பிழைத்தவன் நான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவன் தூங்கிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதைத் தோளில் போட்டுக்கொண்டு பழைய காலத்துக்குள் நடக்க ஆரம்பித்தேன்.

* * *

கதையின் ஆதி ரூபம் கி.பி. 11-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் என்ற கவி இயற்றிய ‘கதாசரித்சாகர’த்தில் இருக்கிறது. அங்கே ராஜாவின் பெயர் திரிவிக்கிரமசேனன். அவன் ஊர் கோதாவரிக் கரையிலுள்ள பிரதிஷ்டானம். விக்கிரமாதித்தன் என்ற பெயரும் உஜ்ஜயினியும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. க்ஷாந்திசீலன் என்ற சந்நியாசி தினந்தோறும் சபைக்கு வந்து ராஜாவுக்கு ஒரு பழம் கொடுத்துவிட்டுப் போகிறான். ராஜாவும் அதை வாங்கிப் பொக்கிஷக்காரனிடம் கொடுத்துவிடுகிறான். இப்படியே வருஷங்கள் ஓடுகின்றன. ஒரு நாள் ஒரு குரங்கு அந்தப் பழத்தைக் கடிக்க, உள்ளேயிருந்து ரத்தினம் உருண்டு விழுகிறது. பொக்கிஷத்தைத் திறந்து பார்த்தால் பழங்கள் அழுகிப்போய் ரத்தினங்கள் குவிந்து கிடக்கின்றன. இவ்வளவு வாங்கிக்கொண்ட பிறகு, “மயானத்து மரத்தில் தொங்கும் பிணத்தை ஒரு ராத்திரி எடுத்து வந்து தா” என்று சந்நியாசி கேட்டால், ராஜாவால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

சோமதேவர் இந்த நூலைக் குழந்தைகளுக்காக எழுதவில்லை. காஷ்மீர ராஜா அனந்தனின் பட்டமகிஷியான சூரியமதியின் மனத்துக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எழுதினார். அந்த ராணிக்கு ஆறுதல் அவசியமாகத்தான் இருந்தது. ராஜ்யத்தை மகன் கலசனிடம் ஒப்படைத்த பிறகு தகப்பனுக்கும் மகனுக்கும் பகை மூண்டது. கடைசியில் 1081-ஆம் வருஷம் அனந்தன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். சூரியமதி தீயில் புகுந்தாள். எது நியாயம், யார் பக்கம் தர்மம் என்று கதைக்குக் கதை கேட்கும் வேதாளத்தின் குரல், அந்த அரண்மனையில் வெறும் பொழுதுபோக்காக ஒலித்திருக்காது.

சோமதேவருக்கும் முன்னால் குணாட்டியர் என்ற பெரிய கதைக்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய ‘பிருஹத்கதை’ இன்று நமக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காமல் போனதற்குச் சோமதேவரே ஒரு கதை சொல்கிறார். விந்திய மலைக் காட்டிலே ஒரு பிசாசு குணாட்டியருக்குக் கதைகளைச் சொல்லிற்றாம். அவர் அதைப் பிசாசு பாஷையிலேயே, மை கிடைக்காதபடியால் தம் ரத்தத்தைத் தொட்டு, ஏழு வருஷம் உட்கார்ந்து ஏழு லட்சம் சுலோகங்களாக எழுதினார். சாதவாகன ராஜாவுக்கு அனுப்பினார். “பிசாசு பாஷை, ரத்தத்தில் எழுத்து! எடுத்துக்கொண்டு போங்கள்” என்றான் ராஜா. மனமுடைந்த குணாட்டியர் காட்டில் தீ மூட்டி, ஒவ்வோர் ஏடாகப் படித்து நெருப்பில் போட்டார். மானும் பன்றியும் பறவைகளும் இரையை மறந்து, கண்ணீர் விட்டபடி கேட்டுக்கொண்டு நின்றன. அரண்மனையிலே ராஜாவுக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை, மாமிசத்தில் சத்தில்லை. சமையற்காரன் வேடன் மேல் பழி போட்டான். “காட்டு மிருகங்கள் எல்லாம் கதை கேட்கின்றன, மேய்வதில்லை” என்றான் வேடன். ராஜா ஓடோடி வந்தபோது ஆறு லட்சம் சுலோகம் எரிந்து போயிருந்தது. மிச்சம் ஒரு லட்சம்.

தன் கதை ஒரு பத்திரிகை ஆபீஸிலிருந்து திரும்பி வந்த அனுபவம் உள்ள எந்த எழுத்தாளனும் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. நானும் ஒரு சமயம் அடுப்படி வரையில் போனவன்தான். என் கதையைக் கேட்க வீட்டுப் பூனைகூட நிற்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

அந்தப் பிருஹத்கதையின் வழியில் நம்மவர் செய்தது கொங்குவேளிரின் ‘பெருங்கதை’. முதலும் முடிவும் அழிந்துபோன அந்த நூலை உ.வே.சாமிநாதையர் 1924-இல் பதிப்பித்தார். அது உதயணனின் கதை. அதில் வேதாளம் கிடையாது. நேபாளத்தில் கிடைத்த புதசுவாமியின் வடமொழிச் சுருக்கத்திலும் வேதாளக் கதைகள் இல்லை; காஷ்மீரத்து க்ஷேமேந்திரரிடமும் சோமதேவரிடமும்தான் இருக்கின்றன. ஆகவே தனியாகத் திரிந்துகொண்டிருந்த இந்த இருபத்தைந்து கதைகள் காஷ்மீரத்தில்தான் பெரிய நூலுக்குள் புகுந்துகொண்டன என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். வேதாளம் பிணத்துக்குள் புகுந்ததைப் போலத்தான்!

* * *

பிறகு வேதாளம் ஊர் ஊராகப் போயிற்று. 1805-ஆம் வருஷம் கல்கத்தாவிலுள்ள வில்லியம் கோட்டைக் கல்லூரியில் லல்லுலாலும் மஜர் அலி கான் விலாவும் சேர்ந்து அதை இந்துஸ்தானியில் ‘பைதால் பச்சீசி’ ஆக்கினார்கள். கும்பினி உத்தியோகஸ்தர்கள் இந்துஸ்தானி கற்றுப் பரீட்சை எழுதுவதற்கு அது பாடப் புத்தகமாயிற்று. பிணத்தைச் சுமந்த ராஜாவை, உத்தியோக உயர்வு வேண்டிய வெள்ளைக்காரத் துரைகள் சுமந்தார்கள்.

தமிழில் வழங்கிய ‘வேதாள கதை’யை 1831-இல் இங்கிலீஷில் கொண்டுவந்தவர் பெஞ்சமின் கை பாபிங்டன். சென்னையில் உத்தியோகம் பார்த்துவிட்டுச் சீமைக்குத் திரும்பி வைத்தியரானவர். மனிதனுடைய தொண்டைக்குள் கண்ணாடி வைத்துக் குரல்வளையைப் பார்க்கும் கருவியை 1829-இல் செய்து காட்டியவரும் இவரே. வாயைத் திறந்தால் காரியம் கெட்டுப்போகும் ராஜாவின் கதையை, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர் மொழிபெயர்த்தது நல்ல பொருத்தந்தான்.

1870-இல் ரிச்சர்டு பர்ட்டன் பதினொரு கதைகளை மட்டும் பொறுக்கி, தம் சொந்தச் சரக்கையும் தாராளமாகக் கலந்து, ‘விக்கிரமனும் வாம்பயரும்’ என்று வெளியிட்டார். எர்னஸ்ட் கிரிசே படம் போட்டார். ‘வாம்பயர்’ என்றால் ரத்தம் குடிக்கும் பிசாசு. நம்முடைய வேதாளம் ரத்தம் குடிப்பதில்லை. அதன் பசி வேறு மாதிரி. அதற்கு வேண்டியது தீர்ப்பு.

இத்தனை நாளும் ராணி கேட்டாள், பண்டிதர் கேட்டார், துரைமார் கேட்டார்கள். திண்ணையிலும் வயற்காட்டிலும் வாய்மொழியாக வழங்கிய விக்கிரமாதித்தன் கதையைப் பெரியவர்களின் முதுகுக்குப் பின்னால் குழந்தைகளும் கேட்டிருப்பார்கள். ஆனால் பத்துப் பன்னிரண்டு வயதுக்கென்றே, படத்தோடு, மாதம் தவறாமல் அது வீடு தேடி வந்தது 20-ஆம் நூற்றாண்டின் பாதிக்கு மேல்தான்.

* * *

1947-ஆம் வருஷம் ஜூலை மாதம், சுதந்திரத்துக்கு ஒரு மாதம் முன்னால், நாகிரெட்டியும் சக்ரபாணியும் சென்னையிலிருந்து தெலுங்கில் ‘சந்தமாமா’வையும் தமிழில் ‘அம்புலிமாமா’வையும் ஆரம்பித்தார்கள். பின்னால் அது பத்துக்கு மேற்பட்ட பாஷைகளில் வந்தது. 1951-இல் ‘பாதாள பைரவி’ என்ற மாயாஜாலப் படத்தை எடுத்தவர்களும் இவர்களே. மந்திரவாதி, குகை, பலி பீடம் என்றால் இளம் மனசு எப்படித் துள்ளும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 1952 முதல் 1980-இல் காலமாகும் வரையில் தெலுங்கு நாவலாசிரியர் கொடவடிகண்டி குடும்பராவ் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பைப் பார்த்தார். தாசரி சுப்பிரமணியம் என்பவர் ராட்சதர்களும் மந்திரவாதிகளும் மலைப் பள்ளத்தாக்குகளும் நிறைந்த தொடர்கதைகளை வருஷக்கணக்கில் எழுதினார். ‘சித்ரா’ என்ற ஓவியர் அவற்றுக்குப் படம் போட்டார்.

1950-களின் நடுவில் வேதாளம் இந்தப் பத்திரிகையில் வந்து இறங்கியது. சொத்து என்னவோ இருபத்தைந்து கதைதான். மாதம் ஒன்றாகச் செலவழித்தால் இரண்டு வருஷத்துச் சாப்பாடு. ஆசிரியர் குழு ஒரு யுக்தி செய்தது. கதை எங்கிருந்து வந்தாலும் சரி, அதன் வாலில் தர்ம சங்கடமான ஒரு கேள்வியை முடிந்து வேதாளத்தின் வாயில் போட்டுவிட்டார்கள். அப்புறம் ராஜா பல தலைமுறைகளுக்கு நடந்துகொண்டே இருந்தார்.

நம் தலைமுறையின் கண்ணில் நிற்கும் ராஜாவை வரைந்தவர் சங்கர். சிவசங்கரன் என்பது முழுப் பெயர். 1924-இல் தாராபுரம் பக்கத்துக் கிராமமொன்றில் பிறந்தவர். பெருங்கதை பாடிய கொங்குவேளிரின் கொங்கு நாட்டுக்காரர்தான் இவரும்! சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, ‘கலைமக’ளில் சில காலம் வேலை பார்த்துவிட்டு, 1950-களின் தொடக்கத்தில் அம்புலிமாமாவுக்கு வந்தார். ஏறத்தாழ அறுபது வருஷம் அங்கேயே வரைந்தார். மாதாமாதம் ஆவலோடு படத்தைப் பார்த்த எங்களில் எத்தனை பேர் வரைந்தவர் பெயரைக் கேட்டிருப்போம்? 2020-இல், தொண்ணூற்றாறு வயதில் அவர் மறைந்தார். பத்மஸ்ரீ விருது 2021-இல் வந்தது; வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். சோமதேவரிடம் வேதாளம் தொங்குவது சிம்சபா மரத்தில். ஈட்டி மரத்தின் இனம் அது. தமிழ்நாட்டு வேதாளம் தொங்குவதோ முருங்கை மரத்தில். “வேதாளம் பழையபடி முருங்கை மரம் ஏறிவிட்டது” என்று இன்றும் சொல்கிறோம். எங்கள் வீட்டுக் கொல்லையிலும் ஒரு முருங்கை நின்றது. பகலில் அம்மா அதில் கீரை பறிப்பாள். ராத்திரி நான் அந்தப் பக்கம் போக மாட்டேன். சிம்சபா மரமாக இருந்திருந்தால் எனக்குப் பயமே வந்திராது. பேய்க் கதை பலிக்க வேண்டுமானால் பேய் நம் கொல்லைக்கு வந்தாக வேண்டும்.

* * *

இப்போது என் பெண்ணின் ஆட்சேபணைக்கு வருகிறேன். குழந்தைகளுக்குப் பிணத்தையும் பேயையும் காட்டலாமா? இதை அவள் மட்டும் கேட்கவில்லை. ஒரு சமயம் சர்க்கார்களே கேட்டன.

அமெரிக்காவில் பேய்ப் படக்கதைப் பத்திரிகைகள் கொழித்த காலம் ஒன்று உண்டு. பிரெடரிக் வெர்தாம் என்ற மனோதத்துவ வைத்தியர், சிறுவர்கள் கெட்டுப்போவதற்கு அவையே காரணம் என்று 1954-இல் ஒரு புத்தகம் எழுதினார். அதே வருஷம் ஏப்ரல் மாதம் செனட் சபையின் உபகமிட்டி நியூயார்க்கில் விசாரணை நடத்தியது. பதிப்பாளர்கள் பயந்துபோய் அக்டோபர் மாதம் தாங்களே ஒரு கட்டுப்பாட்டு விதி எழுதிக்கொண்டார்கள். நடமாடும் பிணம் கூடாது, ரத்தம் குடிக்கும் பிசாசு கூடாது என்று அதில் பட்டியல் போட்டார்கள். மறு வருஷம் இங்கிலாந்தில் சட்டம் வந்தது. 1956-இல் இந்தியாவிலும், இளம் வயதினரைக் கெடுக்கும் பிரசுரங்களைத் தடுப்பதற்கு ஒரு சட்டம் செய்தார்கள்.

அந்த வருஷங்களில்தான் ஒரு ராஜா தோளிலே பேசும் பிணத்தைப் போட்டுக்கொண்டு ஆசாரமான வீடுகளுக்குள்ளெல்லாம் மாதாமாதம் நுழைந்துகொண்டிருந்தார். தகப்பனார்களே சந்தா கட்டி வரவழைத்தார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை. நம் பிணம் நடமாடவில்லை, சுமக்கப்பட்டது என்று வக்கீல் வாதம் பேசலாம். உண்மையான காரணம் அதுவல்ல.

அங்கே பயம்தான் கதையின் முடிவு. கதவைத் திறந்தால் பிணம், அத்துடன் சரி. இங்கே பயம் வெறும் வாசற்படி. அதைத் தாண்டி உள்ளே போனால் ஒரு நியாய ஸ்தலம் இருக்கிறது. வேதாளம் கதையை நிறுத்திவிட்டுக் கேள்வி போட்டதும், படிக்கிற பையன் பேயை மறந்துவிடுகிறான். யார் செய்தது சரி என்று ராஜாவுக்கு முன்னால் தானே சொல்லிப் பார்க்கிறான். பேயின் பயம் இல்லாவிட்டால் அவன் அந்த இடம் வரையில் வந்தேயிருக்க மாட்டான். நீதி போதனைப் புத்தகங்களைக் கண்டால் பன்னிரண்டு வயது எவ்வளவு வேகமாக ஓடும் என்பது பெற்றோர்களுக்குத் தெரியும்.

மறுநாள் ராத்திரி பையனுக்குச் சோமதேவரின் கதை ஒன்று சொன்னேன். மதனசுந்தரி என்ற பெண் தன் கணவனோடும் சகோதரனோடும் பிறந்தகத்துக்குப் போகிறாள். வழியில் தேவி கோயிலில் கணவன் ஆவேசம் வந்து தன் தலையையே வெட்டிப் பலி கொடுக்கிறான். அதைக் கண்ட சகோதரனும் அப்படியே செய்கிறான். தேவி மனமிரங்கி, “தலைகளை உடல்களோடு சேர்த்து வை, பிழைப்பார்கள்” என்கிறாள். அவசரத்தில் பெண் தலைகளை மாற்றி வைத்துவிடுகிறாள். இருவரும் எழுந்து நிற்கிறார்கள். இவர்களில் யார் கணவன்?

“கணவனின் தலை எந்த உடம்பில் இருக்கிறதோ அவன்தான். அங்கங்களில் பிரதானம் தலை” என்று ராஜா சொன்ன தீர்ப்பையும் சொன்னேன்.

பையன் ஒப்புக்கொள்ளவில்லை. “அந்தப் பொண்ணை யாராவது கேட்டாங்களா?” என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1940-இல் ஜெர்மன் நாவலாசிரியர் தாமஸ் மான் இந்தக் கதையை எடுத்து, சகோதரனை நண்பனாக மாற்றி ஒரு நாவல் எழுதினார். 1971-இல் கிரீஷ் கர்னாட் கன்னடத்தில் ‘ஹயவதன’ நாடகம் எழுதினார். இருவரும் அந்தப் பெண்ணின் மனத்துக்குள் போய்ப் பார்க்க முயன்றார்கள். அவர்கள் போன பாதையில் இந்தப் பொடியன் மெழுகுவத்திகூட இல்லாமல் போய்விட்டான்!

* * *

அதற்கு மேல்தான் அவனுடைய பழைய கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது. பதில், அம்புலிமாமா கடைசி வரையில் சொல்லாத கடைசிக் கதையில் இருக்கிறது.

சோமதேவரின் கதையில் இருபத்து மூன்று தடவை ராஜா பதில் சொல்கிறான். இருபத்து மூன்று தடவை வேதாளம் மரத்துக்கு ஓடுகிறது. கடைசியில் விசித்திரமான ஒரு கேள்வி வருகிறது. ஒரு தகப்பன் மகளையும், அவன் மகன் அவளுடைய தாயையும் மணந்துகொள்ள நேர்கிறது. இரு தம்பதிகளுக்கும் பிறக்கும் குழந்தைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? ராஜா யோசித்துப் பார்க்கிறான்; ஒன்றும் புரியவில்லை. பேசாமல் நடக்கிறான். தலை வெடிக்கவில்லை. வேதாளம் சந்தோஷப்பட்டு, “அந்தச் சந்நியாசி உன்னைப் பலி கொடுக்கப் போகிறான். கீழே விழுந்து நமஸ்காரம் செய்யச் சொல்வான். எப்படி என்று செய்து காட்டும்படி கேள், அவன் குனிந்ததும் வெட்டிவிடு” என்று சொல்லி அவன் உயிரைக் காப்பாற்றுகிறது.

ஆக, தெரியாதவன் மௌனமாக இருக்கலாம், அதில் குற்றமில்லை. தெரிந்தவன் மௌனமாக இருந்தால்தான் தலைக்கு ஆபத்து. தெரிந்ததைச் சொல்லிவிட்டாலோ, சுமந்து வந்தது கையை விட்டுப் போகிறது. மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டும். ராஜா ஒவ்வொரு தடவையும் நடையைத்தான் தேர்ந்தெடுத்தார்.

இதைப் பையனிடம் சொன்னேன். அவன் வெகு நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, “எங்க கிளாஸ்லே ஒரு ஜன்னல் கண்ணாடி உடைஞ்சுது, தாத்தா. உடைச்சது ஒருத்தன், திட்டு வாங்கினது வேறொருத்தன்” என்றான்.

“உடைத்தவனை உனக்குத் தெரியுமா?”

“என் சிநேகிதன்தான்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. தாத்தா வேதாளமாகலாம், ராஜாவாகக் கூடாது.

அம்புலிமாமா 1998-இல் ஒரு தடவை நின்று, மறு வருஷக் கடைசியில் மீண்டு வந்து, 2010-களின் ஆரம்பத்தில் அடியோடு நின்றுபோயிற்று. முடிவுக் கதைக்கு வந்து சேராமலே, நடுச் சுடுகாட்டில் ராஜா நின்றுவிட்டார் என்று நான் வருத்தப்படுவதுண்டு. இரண்டு நாளைக்குப் பிறகு அந்த வருத்தம் கொஞ்சம் குறைந்தது.

அன்று சாயங்காலம் பையன் பள்ளிக்கூடத்திலிருந்து வாடிய முகத்தோடு வந்தான். பையைக் கீழே போட்டான்.

“சொல்லிட்டேன், தாத்தா. இப்ப அவன் என்னோடே பேசறதில்லே” என்றான்.

“ஊம்” என்றேன்.

காப்பி குடித்துவிட்டு, தானே முக்காலி போட்டு ஏறி அந்தப் பைண்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தான். “அடுத்த கதையைப் படிங்க” என்றான். மின்சாரம் இருந்தது; விளையாட்டுச் சாமான்களுக்கெல்லாம் உயிரும் இருந்தது.